படலைத் திறந்த கை

பட்டறைமேட்டிலிருந்து ராசிபுரம் கச்சேரிக்குப் போக அன்றைக்கு ஒரே ஒரு வண்டிதான் கிடைத்தது. ஆகவே வழக்குப் போட்ட கைலாச முதலியாரும், வழக்கில் மாட்டிய முத்தாயம்மாளும், சாட்சி சொல்லப் போகிற சடையனும் அந்த ஒரே வண்டியில் போனார்கள். யுத்தம் வருவதற்கு முந்தின வருஷம் அது. கடலை பிடுங்குகிற காலம். ஊர் வண்டிகளெல்லாம் கடலைக் காட்டுக்குள் போய்விட்டன. மிஞ்சியது சடையனுடைய வண்டி.

கைலாசம் முன்பக்கம் மாட்டுக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முத்தாயம்மாள் பின்பக்கம் காலைத் தொங்கவிட்டு, மடியில் ஒரு சோற்றுத் தூக்குப்போசியை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இருவருக்கும் நடுவில் வைக்கோல் கிடந்தது.

"அக்கா, உள்ள தள்ளி உக்காருங்க. சக்கரத்துப் புழுதி அடிக்குது," என்றான் சடையன்.

"எனக்கு எதிரா சாட்சி சொல்லப் போறவன், புழுதிக்கு மட்டும் பரிதாபப்படறயாக்கும்?"

"அது வேற, இது வேறங்க. சாட்சி கச்சேரியில சொல்றது. வண்டி என்னுதுங்க."

"என்ன சாட்சி சொல்லப் போறே? இப்பவே சொல்லு, கேப்பம்."

சடையன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துப் பையனைப் போல ஒப்பித்தான். "மேப்படி எதிரியானவள் படலைப் பிச்சுக்கிட்டு வாதியின் மனைக்குள்ளாற அத்துமீறிப் பூந்ததைக் கண்ணால பாத்தேனுங்க."

"கண்ணால பாத்தியா?"

"பாக்கலீங்க. அன்னைக்கு நான் மல்லூருச் சந்தையில இருந்தேன். ஆனா வக்கீல் குமாஸ்தா நேருல பாத்தாப்பிடியே சொல்லிக் குடுத்துட்டாருங்க."

முத்தாயம்மாள் சிரித்துவிட்டாள். கைலாசத்துக்குக் காது சுட்டது. கேட்காதவர் போல மாட்டின் திமிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வேலிப் படலைத் திறந்தது யார் என்று பார்த்தவர்கள் நான்கு பேர்தான். முத்தாயம்மாளும் அவள் மகளும் இருவர். கைலாசத்தின் மனைவி பூவாத்தாள் ஒருத்தி. நான்காவது கைலாசமேதான்.

நெசவாளிகள் இருக்கிற ஊரில் பாவடி என்று ஒரு பொதுவான இடம் இருக்கும். நீண்ட மைதானம், இரண்டு பக்கமும் வேம்பு. நெசவில் நீளவாட்டில் ஓடும் இழைதான் பாவு. நூலைப் பாவாக்கி அங்கேதான் நீளமாக இழுத்துக் கட்டுவார்கள். விடிவதற்கு முன்னால் வந்து கஞ்சி தோய்த்து, இழை இழையாகப் பிரிந்து காயும்படி தேய்த்துவிடுவார்கள். வெயில் ஏறுவதற்குள் வேலை முடிய வேண்டும். கஞ்சி ஏறிய பாவு மழையில் மாட்டினால் போயிற்று. இழையெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிறகு அது துணியாகாது. ஆகவே பாவடியில் ஒரு முறை உண்டு. மழை இறங்குவதைப் பார்த்துவிட்டால் யார் பாவு, யார் பகை என்று கேட்கிறதில்லை. பக்கத்தில் இருக்கிறவன் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடிவந்து பாவைப் பிடிக்க வேண்டும். பேச்சுவார்த்தை இல்லாதவர்கள்கூடப் பிடிப்பார்கள். பிடித்துக் கொடுத்துவிட்டு மறுபடி பேசாமல் போவார்கள்.

கைலாசம் பாவடியின் கிழக்குக் கடைசியை ஒட்டி ஒரு மனை வாங்கி முள்வேலி போட்டு, அதன் வாசலுக்கு ஓலைப் படல் கட்டி, புதிதாகத் தறிக்கொட்டகை ஒன்று கட்டிக்கொண்டிருந்தார். கூரை வேய்ந்தாகிவிட்டது. சுவருக்காக அறுத்த பச்சைச் செங்கல் அந்தக் கூரையின் கீழ் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தது. தகராறு நடந்த நாளில் முத்தாயம்மாளும் அவள் மகள் கந்தம்மாளும் பாவு தோய்த்துக்கொண்டிருந்தார்கள். புருஷன் இல்லாத வீடு. மகள் நூல் சுற்றுவாள், தாய் நெய்வாள், அதில் ஓடுகிற ஜீவனம்.

மழை சொல்லிக்கொண்டு வரவில்லை. போதமலைப் பக்கம் ஒரு கருக்கல் தெரிந்தது. தெரிந்த மாத்திரத்தில் சடசடவென்று இறங்கிவிட்டது. கொட்டகையில் பூவாத்தாளோடு நின்றிருந்த கைலாசம் ஓடினார். படலைத் திறந்தது அவர் கைதான். பாவின் தலைப்புக் கயிற்றை முளையிலிருந்து அவிழ்த்து, "இப்படி வாங்கக்கா, இப்படி!" என்று கத்தியபடி தம்முடைய கொட்டகைக்குள் இழுத்ததும் அவர் கைதான். அதற்குப் பிறகுதான் தெருவிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். பாவுக்கு அடியில் தோள் கொடுத்துக்கொண்டு ஒரே கூட்டமாக மனைக்குள் நுழைந்தார்கள். அந்த நெரிசலில் படல் பிய்ந்தது. கொட்டகையில் பச்சைக்கல் எல்லாம் ஈரக் காலடியில் சேறாயிற்று.

பாவு பிழைத்துக்கொண்டது. மழை விட்டது. கைலாசம் மனையைப் பார்த்தார். செய்த கை ஒருவனுடையது, பார்த்த கண் இன்னொருவனுடையது போல ஆகிவிட்டது.

"இப்படியா மிதிப்பீங்க? மனுசன் நடக்கற எடமா இது?" என்று கூச்சல் போட்டார்.

"கல்லு மறுக்காவும் அறுத்துக்கலாந் தம்பி. நீயுந்தான முன்னால இழுத்துட்டுப் போனே?" என்றாள் முத்தாயம்மாள். அவள் ஆறுதலாகத்தான் சொன்னாள்.

கூட்டத்தில் ஒருவன், "மொதலியாரு தன்ற கல்லத் தானே மிதிச்சுப் போட்டு, ஊருமேல கோவிச்சுக்கறாரப்பா!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நனைந்த தலையோடு நின்று சிரித்தார்கள்.

கல் போனதைக்கூடக் கைலாசம் பொறுத்திருப்பார். அந்தச் சிரிப்பை அவரால் பொறுக்க முடியவில்லை. மறுநாள் ராசிபுரம் போனார். வக்கீல் குமாஸ்தா வெங்கடாசலம் கேட்டார்: "படலை யாரு தெறந்தாங்க?" கைலாசம் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "பிஞ்சு கெடக்குதுங்க," என்றார். அது பொய் இல்லை. அது போதும் என்று, முத்தாயம்மாளே படலைப் பிய்த்து நுழைந்ததாகக் குமாஸ்தா எழுதிவிட்டார். மேஜிஸ்திரேட்டின் முன்னால் பிரமாணம் செய்து, எழுதியது சரி என்று கைலாசமும் சொல்லிவிட்டார்.

அன்று முதல் அவருக்குத் தறியில் கை ஓடவில்லை. இழை அறுந்துகொண்டே இருந்தது. பாவடி வழியாகப் போகாமல் ஓடைப் பக்கமாகச் சுற்றிப் போனார். பூவாத்தாள் அவரைக் கண்டித்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. கச்சேரிக்குக் கிளம்புகிற காலையில் மட்டும், நெற்றியில் இட்டுக்கொள்ள விபூதித் தட்டை நீட்டியபடி, "படலைத் தெறந்தது ஆருன்னு முருகனுக்குத் தெரியுமுங்க," என்றாள். கைலாசம் விரலை விபூதியில் வைத்தார். இட்டுக்கொள்ளாமலே வெளியே வந்துவிட்டார்.

கச்சேரி வாசலில் ஒரே கும்பல். பெரும்பாலும் வேலித் தகராறு, வரப்புத் தகராறு, ஆடு மேய்ந்த தகராறு. வெங்கடாசலம் குமாஸ்தா காதில் பேனாவைச் செருகிக்கொண்டு எதிரே வந்தார்.

"வாங்க மொதலியாரே. மூஞ்சி ஏன் இப்படி வாடிக் கெடக்குது? அத்துமீறல் கேசுக்கெல்லாம் கவலைப்படலாமுங்களா? அந்தப் புங்கமரத்தப் பாருங்க. அதுக்குப் பேரே ராஜி மரம். இந்த மாதிரிக் கேசு நூறு வந்தா தொண்ணூறு அதுக்கடியிலயே சமாதானமாகி முடிஞ்சுரும். மிச்சத்துல பாதி, சாட்சி வராம தள்ளுபடி. பாதி, அபராதம். அவ்வளவுதான். ஒருத்தனும் தூக்குக்குப் போறதில்ல."

"எங்குளுது எதுல போகுமுங்க?"

"அய்யா ஒருக்காக் கூப்புடுவாரு. கேசு கட்டப் பாத்துட்டு, 'வெளிய போய்ப் பேசிட்டு வாங்க'ம்பாரு. தெனமும் அதேதான். நாம பேசுவோம். அந்தம்மா ஒரு வார்த்தை 'தப்புத்தான்'னு சொல்லிட்டா ராஜி மனுவ நீட்டிர வேண்டீது. பொழுதுக்குள்ள ஊடு போய்ச் சேந்தரலாம்."

அவர் சொன்னபடியே நடந்தது. டவாலி போட்ட சேவகன் வாசலில் நின்று, "முத்தாயி! முத்தாயி! முத்தாயி!" என்று மூன்று தடவை கூவினான். முத்தாயம்மாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உள்ளே போனாள். மேஜிஸ்திரேட் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். நல்ல மனிதர்தான், ஆனால் அலுத்துப்போனவர். கண்ணாடிக்கு மேலாக இருவரையும் பார்த்தார்.

"ஒரே தெருவா?"

"ஆமாங்க சாமி."

"ஒரே தெருக்காரா, ஒரே தொழில். இதுக்கு எதுக்குய்யா கச்சேரி? வெளியே போய்ப் பேசிண்டு வாங்கோ. மத்தியானத்துக்கு மேலே கூப்பிடறேன்."

ராஜி மரத்தடியில் இவர்களுக்கு முன்னாலேயே இரண்டு கூட்டம் இருந்தது. ஒரு கூட்டம் ராஜியாகி வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தது. இன்னொன்று மறுபடி அடித்துக்கொள்ளப் பார்த்தது. வெங்கடாசலம் ஒரு வேரில் உட்கார்ந்து ராஜி மனுவை எழுதி, உரக்கப் படித்தார்.

"...எதிரி தான் அனுமதியின்றி வாதியின் மனையில் அத்துமீறி நுழைந்த குற்றத்தை ஒப்பி, வாதியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டபடியால், வாதி வழக்கை நடத்தப் பிரியப்படவில்லை. செரிதானுங்களா? அம்மிணி, இங்க கைநாட்டு வைய்யி."

முத்தாயம்மாள் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

"நான் அனுமதி இல்லாமப் போகலீங்க."

"இது சும்மா வார்த்தைம்மா. எல்லா ராஜியிலயும் இப்படித்தான் எழுதுவோம்."

"உங்குளுக்குச் சும்மா வார்த்தைங்க. எங்கூருல நாட்டாமைக்காரர் சொல்லிப் போட்டாரு. கச்சேரியில குத்தம்னு வந்துட்டா பாவடியில முளையடிக்க உடமாட்டாங்களாம். முளையடிக்காம நான் எங்க பாவு காய வைக்கறது? உங்க கச்சேரித் தாவாரத்துலயா?"

"வைக்காட்டி கேசு நடக்கும். சாட்சி இருக்குது. அபராதம் போட்டா கட்டுவியா? கட்டாட்டி ஜெயிலு."

"போறனுங்க. பொய்யிக்குக் கைநாட்டு வைக்கறதுக்கு ஜெயிலு தேவல."

கைலாசம் மெதுவாக, "ஏனுங்க, அந்த ஒரு வரிய எடுத்துப்போட்டு எழுதுனா ஆகாதுங்களா?" என்று கேட்டார்.

குமாஸ்தா அவரைத் தனியே இழுத்துப் போனார். "அந்த வரி இல்லாட்டி நீங்க எதுக்குக் கேசு போட்டீங்கன்னு அய்யா கேப்பாருங்க. பொய்க் கேசுன்னு தெரிஞ்சா உங்களையே அந்தம்மாளுக்கு நஷ்டம் கட்டச் சொல்லலாம். பிரமாணம் பண்ணி வேற குடுத்திருக்கறீங்க. அசையாம இருங்க. பயந்துபோய் அவளே வைப்பா."

அவர் வேறு ஒரு கட்சிக்காரரைப் பார்க்கப் போய்விட்டார். கைலாசம் திரும்பி வந்து மரத்தடியில் உட்கார்ந்தார். தம் மனசுக்குள்ளேயே ஒரு வக்கீல் வைத்து வாதாடினார். படலைத் திறந்தேன், மெய்தான். பாவைத்தானே உள்ளே விட்டேன்? அத்தனை ஜனத்தையுமா வா என்று கூப்பிட்டேன்? கல் போனது மெய் இல்லையா? வக்கீல் நன்றாகத்தான் பேசினான். பேசி முடித்ததும் "இப்படி வாங்கக்கா, இப்படி!" என்று கத்திய குரல் காதில் கேட்டது. அது அவருடைய குரல்தான். வக்கீல் வாயை மூடிக்கொண்டான்.

வெயில் உச்சிக்கு வந்தது. முத்தாயம்மாள் தூக்குப்போசியைத் திறந்தாள். மோர் விட்டுக் கரைத்த கம்மஞ்சோறு, இரண்டு வெங்காயம், ஒரு உப்பு மிளகாய்.

"சடையா, வா. சாட்சிக்காரனுக்கும் வயிறு இருக்குமில்ல?"

"வேண்டாமுங்கக்கா. உங்க சோத்தத் தின்னுட்டு உங்குளுக்கு எதிராச் சொன்னா நாக்கு அழுகிப் போயிருமுங்க."

"அப்ப எதிராச் சொல்லாத."

"குமாஸ்தா ஒதைப்பாருங்களே."

"பட்டினி கெடந்து பொய் சொல்றதுக்கு, தின்னு போட்டுச் சொல்லு. தெம்பாவாவது வரும்."

சடையன் சிரித்துக்கொண்டே கையை நீட்டினான். அவள் ஒரு உருண்டை உருட்டி வைத்தாள். அடுத்த உருண்டையை உருட்டினாள். அந்தக் கை, பழக்கத்தினாலோ என்னவோ, பக்கத்தில் உட்கார்ந்திருந்த கைலாசத்தின் பக்கம் நீண்டுவிட்டது. நீண்ட பிறகுதான் அவளுக்கு ஆள் யார் என்பது நினைவுக்கு வந்தது. ஒரு கணம் கை அந்தரத்தில் நின்றது. கோபமும் வெட்கமும் முகத்தில் ஓடின. ஆனால் பசித்தவன் முன்னால் நீட்டிய சோற்றைத் திரும்ப எடுத்துக்கொள்ள அவள் அறிந்திருக்கவில்லை.

"புடி," என்றாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு. "மூஞ்சிக்கு முன்னால நீட்டிட்டேன்."

கைலாசம் வாங்கிக்கொண்டார். கையிலிருந்த உருண்டையையே பார்த்தார். மழையில் ஓடிய அவர் கையும் இப்படித்தான் போயிற்று. மனசு வந்து கணக்குக் கேட்பதற்குள் கை நல்லதைச் செய்துவிட்டது. அவள் நீட்டிய கையை மடக்கிக்கொள்ளவில்லை. அவரோ நீட்டிய கையைக் கச்சேரிவரை வந்து மடக்கிக்கொண்டிருக்கிறார். ஆண்டவன் மனிதனுக்கு வைத்த நல்ல குணங்களில் பாதியைக் கையிலேதான் வைத்திருக்கிறான் போலும். கெடுப்பதற்குத்தான் நமக்கு யோசனை வேண்டியிருக்கிறது.

மறுபடி சேவகன் கூவினான். குமாஸ்தா ஓடிவந்தார். "என்னம்மா, வைக்கிறயா?"

"இல்லீங்க."

"சாகு அப்ப," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

கைலாசத்தைக் கூண்டில் ஏற்றினார்கள். பிரமாணம் வாங்கினார்கள். மேஜிஸ்திரேட் அலுப்போடு கேட்டார்:

"ராஜி இல்லையா? சரி, சொல்லு. இந்த அம்மாள் உன் மனைக்குள்ளே நுழைஞ்சாளா?"

"ஆமாங்க."

"அனுமதி இல்லாம?"

கைலாசம் கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டார். கும்பலுக்குள் சடையனின் வாய் திறந்திருப்பது தெரிந்தது. முத்தாயம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"படலைத் தெறந்தது நானுங்க சாமி."

குமாஸ்தாவின் பேனா கீழே விழுந்தது.

"என்ன சொல்றே?"

"மழை வந்துச்சுங்க. அந்தம்மா பாவு நனைஞ்சுட்டு இருந்துச்சு. நாந்தான் படலைத் தெறந்து, கயித்தப் புடிச்சு உள்ளார இழுத்தனுங்க. 'வாங்க'ன்னு கூப்புட்டதும் நாந்தானுங்க. அந்தம்மா மேல ஒரு குத்தமுமில்ல."

"அப்போ படலைப் பிய்ச்சுண்டு நுழைஞ்சதாப் பிரமாணத்தின் பேரிலே சொன்னயே, அது?"

"பொய்யுங்க."

"எதுக்குய்யா பொய்?"

கல் போன கோபம் என்று கைலாசம் சொல்லலாம். சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும். கடைசியில், "எல்லாருஞ் சிரிச்சுப் போட்டாங்க சாமி," என்றார்.

கச்சேரியில் இருந்தவர்களும் சிரித்துவிட்டார்கள். மேஜிஸ்திரேட் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரை நன்றாகப் பார்த்தார்.

"இந்த மேஜையிலே உட்கார்ந்து எத்தனையோ அத்துமீறல் கேஸ் பார்த்திருக்கேன். ராஜி பார்த்திருக்கேன், அபராதம் போட்டிருக்கேன். இப்படி முடிஞ்சு பார்த்ததில்லே. உன்னை உள்ளே தள்ளணும், தெரியுமா? தானா உண்மையைச் சொன்னதாலே விடறேன். ஆனா பொய்க் கேஸ் போட்டதுக்கு இந்த அம்மாளுக்கு நஷ்ட ஈடு கட்டணும். கட்ட மாட்டேன்னு சொல்ல ஏதாவது காரணம் உண்டா?"

"இல்லீங்க. கட்டறனுங்க."

எதிரி விடுதலை என்று எழுதினார். அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள்.

வெளியே வந்ததும் சடையன் பிடித்துக்கொண்டான். "என்னங்க மொதலியாரே இப்படிப் பண்ணிப் போட்டீங்க! வெடியால இருந்து மனப்பாடம் பண்ணிட்டு வந்தேன். என்னையக் கூப்புடவே இல்லீங்களே."

"பொய் சொல்லாமத் தப்பிச்சே. நல்லதுதான போச்சு?"

"அதுஞ் செரிதானுங்க. இருந்தாலும் அந்தக் கூண்டுல ஒருக்கா ஏறிப் பாக்கோணும்னு ஆசைங்க."

முத்தாயம்மாள் வண்டிக்கு வரவில்லை. காலிப் போசியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ரோட்டில் நடந்து போய்விட்டாள். வண்டி அவளை எட்டிப் பிடித்தபோது ராசிபுரத்து எல்லை தாண்டியிருந்தாள். "ஏறுங்கக்கா," என்றான் சடையன். அவள் தலையை ஆட்டிவிட்டு நடந்தாள்.

கைலாசம் வண்டியிலிருந்து இறங்கினார். "நீ முன்னால போடா," என்று சொல்லிவிட்டு அவளுக்குச் சற்றுப் பின்னால் நடந்தார். காலி வண்டி கடகடவென்று போயிற்று. இரண்டு பக்கமும் கடலைக் காட்டில் ஆட்கள் கொடி உதறிக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா. நான் தப்புப் பண்ணிட்டனுங்க."

"அதத்தான் கச்சேரியில சொல்லீட்டயே."

"அது அவருக்குச் சொன்னதுங்க. உங்குளுக்குச் சொல்லலீங்களே."

அவள் திரும்பவில்லை. "அந்தச் சேவகன் 'முத்தாயி'ன்னு மூணு தடவை கத்துனான் பாரு. திருடியக் கூப்படறாப்பிடி. என்ற ஊட்டுக்காரர் செத்தன்னைக்குக்கூட நான் இப்படித் தல குனியலை. அது காதுலயே நிக்குது. அத உன்னால திருப்பி எடுத்துக்க முடியுமா?"

"முடியாதுங்கக்கா."

"நஷ்ட ஈடு குடுத்தாப் போயிருமா?"

"போகாதுங்க."

"போகாதுன்னு தெரிஞ்சாச் செரி."

அவர் அழுதாரா என்று அவள் பார்க்கவில்லை. பார்க்காதது அவள் செய்த உபகாரம். பொழுது மேற்கே இறங்கிக்கொண்டிருந்தது. ஓடைப் பாலத்தில் ஏறும்போது அவளாகவே பேசினாள்.

"நாளான்னைக்கு வெடியால பாவு தோய்க்கறோம். கந்தம்மாளும் நானுந்தான். அந்தக் கோடியில புடிக்க ஆளில்ல."

கைலாசத்துக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். "வாரனுங்கக்கா," என்றார்.

"வா. ஆனாக் கந்தம்மா உன்ற மேல எரிஞ்சுட்டுக் கெடக்கறா. கஞ்சிச் சட்டிய மூஞ்சியில கவுத்தாலும் கவுத்துருவா."

"கவுக்கட்டுமுங்க."

முத்தாயம்மாள் சிரிக்கவில்லை. அவர் கூடவே நடந்து வரும்படியாகத் தன் நடையை மட்டும் கொஞ்சம் தளர்த்திக்கொண்டாள்.